ஸ்டீவ் இர்வினுக்காக அப்பா ஏன் அழுதார்?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி ஆஸ்திரேலியாவைப் பற்றியது. டிவியில் முதலையோடு மல்லுக்கட்டிய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் 2006-ல் இறந்தபோது உலகமே அழுததே, அது நிஜமான துக்கமா இல்லை டிவிக்காரர்கள் கிளப்பிவிட்டதா, அந்த ஆத்திரத்தில் திருக்கை மீன்களைக் கொன்றார்களாமே, அது உண்மையா, அவர் செத்த வீடியோ எங்கேயாவது இருக்கிறதா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தேவகோட்டை வீட்டில் தாத்தா இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உங்கள் அப்பா, அடுத்த வருடம் இர்வின் செய்தி வந்த அன்று டிவி முன்னால் உட்கார்ந்து தேம்பினார், அது இன்றைக்கும் உங்களுக்கு உறுத்துகிறது என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வீட்டில் சாவு நடந்து, மாதக் கணக்கில் தூக்கம் இல்லாமல் வருகிறவர்களோடு பேசுவது என் வேலையில் பெரும் பகுதி. விலங்கியல் என் படிப்பு இல்லை. திருக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி படித்தது, பாதி மீன்காரர்கள் சொன்னது. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, அதனால் அவரைப் பற்றிச் சொல்வதை ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நடந்தது என்ன என்பதில் நிறைய தவறான கதை சுற்றுகிறது, அதைச் சரி செய்துவிடுவோம். 2006 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. குயின்ஸ்லாந்தில் போர்ட் டக்ளஸ் ஊருக்கு அப்பால் பாட் ரீஃப் என்ற பவளத்திட்டு. கடலின் ஆபத்தான உயிரினங்களைப் பற்றி ஒரு படம் எடுக்கப் போயிருந்தார்கள். வானிலை சரியில்லை, சும்மா இருப்பானேன் என்று மகள் பிந்தியின் நிகழ்ச்சிக்காகக் கொஞ்சம் படம் பிடிக்கலாம் என்று இறங்கினார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு பெரிய திருக்கை. இர்வின் அதன் பின்னால் நீந்த, கேமராமேன் ஜஸ்டின் லயன்ஸ் எதிர்ப்பக்கம் நின்று படம் பிடிக்க, திருக்கை திடீரென்று நின்று சில நொடிகளுக்குள் திரும்பத் திரும்பக் குத்திவிட்டது. அவருக்கு வயது 44.

விஷம் ஏறித்தான் செத்தார் என்று இன்னமும் சொல்கிறார்கள். திருக்கையின் வாலில் இருக்கிற முள்ளில் விஷம் உண்டுதான், காலில் ஏறினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஆனால் இவரைக் கொன்றது அது இல்லை, முள் நெஞ்சுக்குள் போய் இதயத்தையே துளைத்துவிட்டது. அப்புறம், குத்திய முள்ளை அவரே பிடுங்கிப் போட்டார் என்ற கதை. முதல் சில நாள் செய்திகளில் அப்படித்தான் வந்தது. 2014-ல் லயன்ஸ் ஒரு பேட்டியில் அதை மறுத்தார்: கத்தி போல உள்ளே போய் வெளியே வந்தது, பிடுங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர்தான் என்பதால் நான் அவர் சொல்வதை நம்புகிறேன். அந்தப் ‘பிடுங்கிப் போட்டார்’ கதை ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதும் புரிகிறது, வீரன் கடைசி நொடியிலும் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். பீர்வாவில் இருக்கிற அவருடைய ஆஸ்திரேலியா மிருகக்காட்சிசாலை வாசலில் பூ குவிந்தது. அவர் எப்போதும் போட்டிருந்த காக்கிச் சட்டை போலவே சட்டைகளைக் கொண்டுவந்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், குழந்தைகள் முதலை படம் வரைந்து வைத்தார்கள். சிட்னி துறைமுகப் பாலத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. பிரதமர் ஜான் ஹோவர்ட் இரங்கல் சொன்னார், அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தார்கள், அப்பா பாப் இர்வின் வேண்டாம் என்றுவிட்டார். என் மகன் சாதாரண ஆளாக இருக்கத்தான் ஆசைப்பட்டிருப்பான் என்பது அவர் சொன்ன காரணம். குடும்பத்தோடு அடக்கம் முடிந்த பிறகு, செப்டம்பர் 20-ந் தேதி, அவர் முதலைக் காட்சி நடத்திய அதே அரங்கில் 5,000 பேருக்கு மேல் கூடி நினைவுக் கூட்டம் நடந்தது. 8 வயது பிந்தி எழுதி வைத்திருந்ததை நின்று வாசித்தாள். உலகம் முழுக்க 30 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் சொல்வார்கள். இந்த மாதிரி எண்களெல்லாம் தலையை எண்ணி வருவதில்லை, மதிப்பீடுதான், அதை வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். பூ வைத்ததும் கண்ணீர் விட்டதும் உண்மை, அது போதும்.

அது நிஜத் துக்கமா? ஆமாம், நிஜம்தான். ஆனால் வீட்டுச் சாவின் துக்கமும் அதுவும் ஒன்று இல்லை. 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், டிவியில் தோன்றுகிறவர்களோடு பார்க்கிறவர்களுக்கு ஏற்படும் ஒருபக்க உறவைப் பற்றி எழுதினார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது, ஆனால் நம் மனசு அந்தக் கணக்கைச் சரியாகப் பார்ப்பதில்லை. நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவரைப் பழகியவராகவே அது எடுத்துக்கொள்கிறது. அதுவும் இர்வின் பேசிய விதம் இருக்கிறதே, கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து, பக்கத்தில் பாம்பு படுத்திருக்கும்போது நம் காதில் ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்துவார், பிறகு அந்தப் பாம்பை ‘எவ்வளவு அழகி பார்’ என்று கொண்டாடுவார். நாமும் அந்தப் புதருக்குள் அவர் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்பது மாதிரி இருக்கும். பொண்டாட்டி பிள்ளை யாரையும் அவர் மறைத்து வைக்கவில்லை. 1992-ல் கல்யாணம் முடிந்து தேனிலவுக்கு டெரியோடு முதலை பிடிக்கப் போனார், அந்தப் படம்தான் அவருடைய தொடரின் முதல் பகுதியாக ஆனது. அப்படி வருடக்கணக்கில் நம் கூடத்துக்கு வந்துபோன குடும்பத்தில் ஒருவர் செத்தால் வலிக்காமல் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் சேர்ந்தது. சொந்த நாட்டில் அவரைக் கேலி செய்தவர்கள் நிறைய. அமெரிக்கர்களுக்காக வேஷம் போடுகிறார், ஆஸ்திரேலியர்கள் இப்படியா பேசுவோம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2004 ஜனவரியில் தன் ஒரு மாதக் கைக்குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் முதலைக்குக் கோழி போட்டார், அன்றைக்கு அவரைத் திட்டாதவர் இல்லை. (நானும் திட்டியிருப்பேன், அதில் எனக்கு இன்றும் கருத்து மாறவில்லை.) இரண்டரை வருடம் கழித்து அவர் செத்ததும் அதே ஜனம் அழுதது. இது பாசாங்கு இல்லை. திட்டிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று போய்விட்டால் துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும், மாமியார் செத்த மருமகள்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் அனுபவத்தில் பெரிய வித்தியாசம் துக்கத்தின் அளவில் இல்லை, அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் இருக்கிறது. நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தகவல் வந்த நிமிடத்தில் இருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்துவிடுகிறது. பங்காளி என்றால் ஒரு வேலை, சம்பந்தி என்றால் ஒரு வேலை, எதிர்வீட்டுக்காரர் என்றால் காபி போட்டுக் கொண்டுவருவது. பெண்கள் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) கட்டிப்பிடித்து உட்கார்ந்து அழுவார்கள், ஆண்கள் வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் இல்லாதவர் பிறகு வந்து கேதம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். தூரத்துச் சாவுக்கும் வழி வைத்திருந்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் அங்கேயே இறந்தால் உடல் வராது, தபாலோ தந்தியோ வரும். அதைக் கேட்டதும் தலை முழுகுவார்கள், கருமாதிக் கடிதம் வந்தால் படித்துவிட்டு வீட்டுக்குள் வைக்காமல் அங்கேயே கிழித்துப் போடுவார்கள். முகம் பார்க்காத சாவுக்கும் கைக்கு ஒரு வேலை, உடம்புக்கு ஒரு முழுக்கு. மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வந்த செய்தி உள்ளேயே சுற்றிச் சுற்றி வராமல் வெளியே போக அது ஒரு வழி.

டிவியில் பார்த்தவருக்கு அது எதுவும் இல்லை. இர்வின் செத்தார் என்று கேட்டு யாரும் தலை முழுக முடியாது, யார் வீட்டுக்கும் போய்க் கேதம் கேட்க முடியாது, ஆபீஸில் லீவு சொல்லவும் முடியாது. ‘எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்கா இப்படி’ என்று வீட்டில் இருப்பவர்களே சிரிப்பார்கள். பீர்வாவில் சட்டையில் கையெழுத்துப் போட்டவர்களும் பூ வைத்தவர்களும் என்ன செய்தார்கள் என்றால், இல்லாத சடங்கைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். நினைவுக் கூட்டத்தின் முடிவில் அவருடைய வண்டியில் சாமான்களை ஏற்றி அரங்கைவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள், ஊழியர்கள் தரையில் மஞ்சள் பூவால் அவர் எப்போதும் கூவும் ‘கிரைக்கி’ என்ற சொல்லை எழுதினார்கள். அது நம் ஊரில் பிணம் எடுக்கிற எடுப்புத்தான், வேறென்ன.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். தாத்தா இறந்தபோது அவர் மூத்த பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அன்று அவருக்கு அழ நேரம் இருந்திருக்காது. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், யாருக்குத் தகவல் போகவில்லை என்று பார்க்க வேண்டும், வந்தவர்களை வரவேற்று உட்கார வைக்க வேண்டும், கொள்ளி வைக்க வேண்டும், கருமாதி வரை கணக்கு எழுத வேண்டும். இப்படி அழாமல் நின்று எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்த ஆண்கள் பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில் உடைவதை நான் அடிக்கடிப் பார்த்திருக்கிறேன். மாடு செத்ததற்கு, சினிமாவில் ஒரு காட்சிக்கு, ஒருவர் பழைய சைக்கிளை விற்றதற்கு. இது நிச்சயமாக நடக்கிற விஷயம். உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதுதானா என்பது வேறு, அவர் உண்மையிலேயே இர்வினுக்காக மட்டும் அழுதிருக்கலாம், அதற்கும் முழுக் காரணம் இருக்கிறது. இரண்டும் கலந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். தாத்தா மேல் பாசம் இல்லை என்று மட்டும் அதிலிருந்து முடிவு கட்டாதீர்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. அவர் இப்போதும் இருக்கிறார் என்பதால் நேராகக் கேட்டுவிடலாம், ஆனால் ‘ஏன் அழுதீங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். இர்வினின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், பேசுவார்.

சரி, திருக்கைக் கொலை. அவர் இறந்து சில நாளில் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் பத்துத் திருக்கைகளாவது செத்து ஒதுங்கின, சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. இதுவரை உறுதி. பழிவாங்கத்தான் வெட்டினார்கள் என்பது சந்தேகம், பலமான சந்தேகம்தான், ஆனால் சந்தேகம். காரைக்குடி மீன் கடையில் தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வரும் திருக்கையைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் வால் இருக்காது. சொரசொரத்த சாம்பல் நிறத்தில் விசிறி போல விரிந்து கிடக்கும், பின்பக்கம் ஒரு வெட்டு மட்டும் தெரியும். வலையில் ஏறியதுமே படகில் வைத்தே அறுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வலையைப் பிரிக்கும்போது கையைக் கிழித்துவிடும். குயின்ஸ்லாந்திலும் மீன்வளத் துறைக்காரர் ஒருவர் இதையேதான் சொன்னார், தெரியாமல் மாட்டிய திருக்கையின் வாலைச் சில மீனவர்கள் வெட்டுவது உண்டு, ஆனால் அது அவ்வளவு வழக்கம் இல்லை என்று. அதனால் அத்தனையும் பழிவாங்கல் என்று சொல்லவும் முடியாது, ஒன்றுகூட இல்லை என்று சொல்லவும் முடியாது. இர்வின் தொடங்கிய வனவிலங்கு அமைப்பின் நிர்வாகியே வெளியே வந்து, இது ஸ்டீவ் விரும்பக்கூடியதற்கு நேர் எதிரானது, நிறுத்துங்கள் என்று கேட்கிற நிலைமை இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது இன்னொரு பக்கம். ஜெர்மைன் கிரியர் என்ற புகழ்பெற்ற பெண்ணிய எழுத்தாளர், அவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்தான், இர்வின் இறந்த மறுநாளே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையில், விலங்குலகம் கடைசியில் அவர் மேல் பழி தீர்த்துக்கொண்டது என்கிற பொருளில் எழுதினார். உடல் அடக்கம் ஆவதற்குள் இப்படியா என்று நாடே கொதித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வாலை வெட்டியவனும் (வெட்டியிருந்தால்) கிரியரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். திருக்கைக்கு ஒரு எண்ணம் இருந்தது, அது கணக்குத் தீர்த்தது என்று இருவருமே நினைக்கிறார்கள், ஒருவருக்கு அது நியாயமாகத் தெரிகிறது, இன்னொருவருக்கு அநியாயமாக. திருக்கைக்குத் தெரிந்ததெல்லாம் மேலே ஒரு பெரிய நிழல், எதிரே இன்னொரு உருவம், ஓட இடமில்லை என்பதுதான். புலிச்சுறா என்று நினைத்திருக்கும் என்பது லயன்ஸின் ஊகம். புலிச்சுறாவோ வேறெதுவோ, பயந்த மீன் செய்கிற காரியம் அது.

நம் ஊர்ப் பக்கம் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு குத்தி ஆள் செத்த வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். போலீஸைத் திட்டுவார்கள், ஏற்பாடு சரியில்லை என்பார்கள், ‘அங்க போய் நிக்காதன்னு சொன்னேன்’ என்று செத்தவனையே திட்டி அழுவார்கள். மாட்டைத் திட்டி நான் கேட்டதில்லை. ‘மாடு என்ன பண்ணும்’ என்பதோடு முடிந்துவிடும். நாம் ரொம்ப உசத்தி என்று சொல்ல வரவில்லை, நமக்கும் ஆள் தேடுகிற புத்தி உண்டு, அது வேறு இடத்தில் போய் விழும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17-ந் தேதி மாரடைப்பில் இறந்தார், 59 வயது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள், தடுப்பூசி பாதிப்புகளை ஆராயும் அரசுக் குழுவும் ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னது. ஆனால் அந்த வாரமே ஊசிதான் கொன்றது என்று ஊர் தீர்மானித்துவிட்டது. போட வேண்டிய வயதில் இருந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து, ‘விவேக்கே போயிட்டாரு’ என்று சொல்லிப் போடாமல் இருந்தார்கள். திடீர்ச் சாவு என்றால் ஒரு குற்றவாளி வேண்டும், அங்கே திருக்கை, இங்கே ஊசி. நீண்ட நாள் படுத்துக் கிடந்து போனவருக்கு இப்படி யாரும் தேடுவதில்லை.

அதே விவேக் விஷயத்திலேயே மறுபக்கமும் நடந்தது. அவர் மரக்கன்று நட்டவர் என்பதால் ஊர் ஊராகக் கன்று நட்டார்கள். கையில் ஒரு வேலை கிடைத்தவர்களின் துக்கம் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றியது, கிடைக்காதவர்களுடையது வாட்ஸ்அப்பில் ஊசியை விசாரித்துக்கொண்டிருந்தது. இரண்டு வேலையையும் செய்தவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்; மனுஷன் அவ்வளவு சீராக இருப்பதில்லை. இர்வின் குடும்பத்தின் அமைப்புக்கு அந்த நாட்களில் நன்கொடை குவிந்ததையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன், ஆனால் அதை நிரூபிக்கிற ஆய்வு ஒன்றைக் காட்டச் சொன்னால் என்னிடம் கிடையாது, தொழிலில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கடைசியாக, வீடியோ. படம் பிடித்தது உண்மை, கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. விசாரணைக்காகப் போலீஸ் வாங்கிக்கொண்டது, அது முடிந்ததும் குடும்பத்தின் விருப்பப்படி பிரதிகள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2007 தொடக்கத்தில் செய்தி வந்தது. பொதுவில் அது எப்போதும் வெளிவரவில்லை. யூடியூபில் அந்தத் தலைப்பில் ஓடுவதெல்லாம் வேறு யாரோ திருக்கையோடு நீந்துகிற படம், இல்லை ஒட்டுவேலை. உங்களுக்கு யாராவது அனுப்பினால் திறக்காமல் அழித்துவிடுங்கள், அப்பா போனில் வந்திருந்தால் அதையும்.